நெற்றியில் ஒட்டிய வெள்ளிப் புள்ளி

கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளி லோடு இறங்கிக்கொண்டிருந்தது. நான் லாரியின் உச்சியில், மூட்டைகள் மேல் மல்லாந்து படுத்திருந்தேன். மேகம் மூக்கைத் தொடுகிற மாதிரி போனது. அதைப் பார்த்தபடியே தூங்கிப்போனேன். ஒரு வளைவில் விழுந்தேன். ஒன்பது வருடம் ஆகிறது. கழுத்துக்குக் கீழே எதுவும் என் பேச்சைக் கேட்பதில்லை.

வடக்கனந்தல் பக்கம் எங்கள் வீடு. கட்டிலுக்கு நேரே ஜன்னல், ஜன்னலுக்கு நேரே அதே மலை. பகலெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். சில நேரம் மலை என்னைப் பார்த்து மூச்சு விடுவது போல இருக்கும்.

என் எல்லா வேலையும் என் மனைவி கையால்தான் நடக்கும். போனில் பேச வேண்டுமானாலும் அவள்தான் காதில் பிடிப்பாள். வாய் விட்டுக் கேட்கக் கூச்சப்பட்டு, தண்ணீர் வேண்டுமென்றால் செம்பைப் பார்ப்பேன். அவள் புரிந்துகொள்வாள். ஏதாவது ஒன்றை நானே செய்ய வேண்டும் என்ற ஆசையை மட்டும் அவளிடம்கூடச் சொன்னதில்லை.

உடற்பயிற்சி கொடுக்க வரும் மேடம் ஒருநாள் கம்ப்யூட்டரும் சின்னக் கேமராவும் கொண்டுவந்தார். என் நெற்றியில் மினுங்குகிற வெள்ளிப் புள்ளி ஒன்றை ஒட்டினார். நான் தலையை அசைத்தால் கேமரா அந்தப் புள்ளியைப் பார்க்கும், திரையில் அம்பு நகரும். ஒரு எழுத்தின் மேல் அம்பைக் கொஞ்ச நேரம் நிறுத்தினால் அந்த எழுத்து விழும்.

"ஒரு மாசம் பழகுங்க. மூணு வரி நீங்களே எழுதிட்டா இது உங்களுக்கு. இல்லன்னா மலை மேல உங்கள மாதிரியே ஒருத்தர் இதுக்குக் காத்துக்கினு இருக்காரு" என்றார்.

நான் அஞ்சாவதோடு நின்றவன். எழுத்தெல்லாம் திரையில் வரிசையாக நிற்பதைப் பார்த்ததும், ரொம்ப நாள் கழித்து ஊர்க்காரர்களைப் பார்த்த மாதிரி இருந்தது. ஆனால் அம்பு நிற்கவில்லை. எழுத்தை நெருங்கும்போது எங்கோ மூலைக்கு ஓடியது.

மனைவி பக்கத்திலேயே குனிந்து நின்று வழி சொல்வாள். "இன்னும் கொஞ்சம் மேல… ஐயோ, ஓடிடுச்சே! கழுத்துல பலம் கம்மிங்க உங்களுக்கு."

ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடுத்தாள். அப்புறமும் ஓடியது.

ஒரு மத்தியானம் அவள் ஆட்டை விரட்டப் போனபோது, அம்பு ஒரு எழுத்தின் மேல் தும்பி உட்கார்ந்த மாதிரி அசையாமல் நின்றது. அரைத் தூக்கத்தில் கண்ட கனவு என்று நினைத்துவிட்டேன்.

மாதம் முடிந்து வெள்ளிக்கிழமை மேடம் வந்தார். அரை மணி நேரம் முயன்றும் ஒரு எழுத்துகூட விழவில்லை. மலை மேல் காத்திருக்கும் ஆளை நினைத்தேன். அவருக்கும் ஒரு ஜன்னல் இருக்கும். இருந்தாலும் கொடுக்க மனசு வரவில்லை.

மனைவி தலையணையைச் சரிசெய்யக் குனிந்தாள். அம்பு துள்ளியது. மேடம் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"அக்கா, கேமரா உங்க கல்லு பொட்டப் புடிச்சிக்கினு ஓடுதுக்கா! அது மினுக்குதில்ல? கொஞ்ச நேரம் எடுத்துடுங்க."

"நல்லா சொன்னீங்க போங்க! வெள்ளிக்கிழமையும் அதுவுமா, வெளக்கு ஏத்திட்டு, புருஷன் எதிர்ல பொட்ட எடுக்கறதா?"

"அதுக்கு இன்னாக்கா பண்றது?"

"நான் வெளிய போறேன். அவரே எழுதட்டும்."

என் கூச்சம் தெரிந்து மேடமும் வாசலுக்குப் போய்விட்டார்.

அறையில் நான் மட்டும் இருந்தேன். ஒன்பது வருடத்தில், முழு விழிப்போடு, செய்ய ஒரு வேலையோடு நான் தனியாக இருந்தது அப்போதுதான். சுவர்கள் தள்ளிப் போனது போல இருந்தது. உடம்பு மறந்துபோய், மூட்டைகள் மேல் மிதந்து போகிற மாதிரி தலை மட்டும் மெல்லத் திரும்பியது. அம்பும் கூடவே வந்தது. ஒரு எழுத்தில் நின்றது. விழுந்தது.

முதல் வரியில் என் மனைவியின் பெயரை எழுதினேன். கல்யாணமான நாளிலிருந்து "ஏமே" என்றுதான் கூப்பிட்டு வருகிறேன். பெயரைச் சொல்லக் கூச்சம். எழுதி முடித்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜன்னல் வழியே அவள் தெரிந்தாள். வீட்டுக்கு முதுகைக் காட்டி, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றாள். எழுத்து விழ விழ அவள் நிழல் சுருங்கியது.

"வெயில் அடிக்குது" என்று இரண்டாவது வரி. "உள்ளே வா" என்று மூன்றாவது.

மேடம் வந்து படித்தார். வாசலைப் பார்த்துக் கூப்பிட்டார். "அக்கா, உங்களுக்குத்தான் எழுதியிருக்காரு. வாங்க."

அவள் வியர்வையோடு வந்து நின்று, வாய்க்குள் முணுமுணுத்துப் படித்தாள். திரும்ப முதல் வரிக்குப் போனாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன்.

"ஏங்க, என் பேரு உங்களுக்கு ஞாபகம் இருக்கா!" என்றாள்.

மேடம் கம்ப்யூட்டர் ஒயரைச் சுற்றி எடுக்காமல், பையை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார்.