ரஸீன் கோச்சின் மூன்று சொற்கள்

ரஸீன் யாரையும் சும்மா நம்புகிறவரல்ல. அது தொழில் கொடுத்த குணம். ரக்பியில் ஸ்க்ரம் என்று, எட்டுப் பேர் தலையைக் குனிந்து எதிரணியின் எட்டுப் பேரோடு முட்டித் தள்ளுவார்கள். அதன் முன்வரிசையில் பதினோரு வருஷம் நின்றவர் அவர். அங்கே கண்ணுக்குச் சேற்றைத் தவிர எதுவும் தெரியாது. பக்கத்தில் நிற்பவன் மெய்யாகவே தள்ளுகிறானா, வெறுமனே முனகுகிறானா என்பதைத் தோளால்தான் அறிய வேண்டும்.

அவருடைய வாப்பா சாஹுல் ஹமீதுக்கு அக்குறணையில் ஹார்ட்வெயார் கடை. மகன் கடையில் இருக்காமல் கண்டிக்குப் போய்ச் சேற்றில் புரள்வது அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. "பந்தத் தூக்கிட்டு ஓடுறவன்ட படம் பேப்பர்ல வருது. ஒன்ட படம் எங்கடா?" என்பார். ரஸீன் படத்தின் ஓரத்தில் தெரியும் ஒரு காலைக் காட்டி, "இது நான்தான் வாப்பா" என்பார்.

முழங்கால் போன பிறகு, அவர் ஆடிய கண்டிக் கழகமே அவரை அந்த எட்டுப் பேருக்கும் கோச் ஆக்கியது. பதினான்கு வருஷத்தில் தலைமைக் கோச்மார் ஆறு பேர் வந்து போனார்கள். ரஸீன் மட்டும் நிலைத்தார், இந்த வருஷம் வரைக்கும்.

கோளாறு லைன்-அவுட்டில் வந்தது. பந்து கோட்டுக்கு வெளியே போனால் இரண்டு அணிகளும் பக்கத்துப் பக்கத்தில் வரிசையாக நிற்கும். ஹூக்கர் எனப்படும் ஆட்டக்காரன் வெளியிலிருந்து பந்தை எறிய, இருவர் தூக்கிவிட ஒருவன் மேலே எழுந்து பிடிப்பான். பந்து வரிசையின் முன்னுக்கா, நடுவுக்கா, பின்னுக்கா என்பது ரகசியம். அதற்கு ரஸீன் வாப்பாவின் கடையிலிருந்தே சொற்களை எடுத்திருந்தார்: ஆணி, சீமெந்து, தகரம். எந்தச் சொல் எந்த இடம் என்பது ஒவ்வொரு வாரமும் மாறும். சிங்களப் பையன்கள் "தகரம்!" என்று கத்தும்போது எதிரணி முழிக்கும்.

கொழும்பு அணி மட்டும் முழிக்கவில்லை. அங்கே போய் ஆடிய ஆட்டத்தில் எறிந்த ஏழில் ஆறைப் பறித்துக்கொண்டார்கள். அவர்களுடைய கோச் நுஸ்கி, ரஸீனோடு ஒன்பது வருஷம் தோள்கோத்து நின்றவர். திரும்பவும் இதே அணியிடம் கண்டியிலும் தோற்றால் வேறு கோச் பார்ப்போம் என்று கழகத் தலைவர் சொல்லிவிட்டார்.

யாரோ சொல்லிக் கொடுக்கிறார்கள். சொற்கள் தமிழ், ஆகவே சொன்னவனும் தமிழ் தெரிந்தவனாக இருக்க வேண்டும் என்பது ரஸீனின் கணக்கு. அணியில் அப்படி ஒருவன்தான் இருந்தான். ஹூக்கர் சயந்தன். யாழ்ப்பாணத்துக் குடும்பம், கடுகண்ணாவையில் வங்கி வேலை. அதே கடுகண்ணாவையில், கண்டி வீதித் தேநீர்க் கடையொன்றில், அவனும் நுஸ்கியும் ஒரே மேசையில் இருந்ததை பஸ்ஸிலிருந்து ரஸீன் தன் கண்ணாலேயே பார்த்தார்.

"கேட்டுப் பாருங்களேன்" என்றாள் மனைவி அஸீமா.

"கேட்டா உண்மையா சொல்லுவான்?"

"நீங்க என்ட தேத்தண்ணியயும் மோந்து பாத்துத்தானே குடிக்கிறீங்க!"

ரஸீன் கேட்கவில்லை. கண்டி ஆட்டத்தன்று சயந்தனை மாற்று வீரர்களின் பெஞ்சில் இருத்தினார். புதிய ஹூக்கருக்கு அன்று காலையில்தான் சொற்களைச் சொன்னார். முதல் பாதியில் ஐந்து எறிகளில் நான்கு பறிபோயின. அப்படியானால் இது யார்?

பின்னாலிருந்து சயந்தன் வந்தான். "கோச், நுஸ்கி சேர் ஆட்டத்தைப் பாக்கேல்ல. உங்களைத்தான் பாக்கிறார். பாத்திட்டு உள்ளுக்கு விரல் காட்டுறார்."

"என்னயா? ஏன்?"

"பந்து முன்னுக்கெண்டா உங்கட வலது கால் ஒரு அடி முன்னுக்குப் போகுது. நடுவெண்டா நிலத்தைப் பாத்துக்கொண்டு அப்பிடியே நிக்கிறீங்கள். பின்னுக்கெண்டா காற்சட்டையை இழுத்து விடுறீங்கள்."

ரஸீன் குனிந்து தன் காலைப் பார்த்தார். பதினோரு வருஷம் லைன்-அவுட்டில் ஆட்களைத் தூக்கிவிட்ட உடம்பு. சொல் காதில் விழுந்ததும் தூக்கத் தயாராகிவிடுகிறது. அது நுஸ்கியைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்?

"ஒனக்கு எப்பலேந்து தெரியும்?"

"இண்டைக்குத்தான். மற்ற நாளெல்லாம் நான் பந்து எறிஞ்சுகொண்டு நிண்டன். நீங்கள் இருத்தி வச்சபடியால்தான் பாக்க நேரம் கிடைச்சது."

ரஸீன் "எறங்குறியா?" என்று மட்டும் கேட்டார்.

"ஓம். ஆனா நீங்கள் அங்கால திரும்பி நில்லுங்கோ."

இரண்டாம் பாதியில் ஒவ்வொரு லைன்-அவுட்டுக்கும் ரஸீன் மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்றார். கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. "கோச்சுக்கு வெட்கமாம்!" என்று ஒருவன் கத்தினான். அவர் பார்வையாளர் படிகளில் இருந்தவர்களின் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் பிளந்தால் பந்து நம்முடையது, முகம் சுருங்கினால் போய்விட்டது. ஆறு எறிகளில் ஒருமுறைதான் முகங்கள் சுருங்கின. மூன்று புள்ளிகளால் வென்றார்கள்.

ஆட்டம் முடிந்து சயந்தன் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ரஸீன் பக்கத்தில் போய் இருந்தார்.

"நான் செஞ்சது பிழை."

"ஓம்" என்றான் அவன். பிறகு, "கடுகண்ணாவையில கண்டனீங்கள் என்ன? நானும் உங்களை பஸ்ஸில கண்டனான். நுஸ்கி சேர் அடுத்த வருஷம் தங்கட அணிக்கு வரச் சொல்லிக் கேட்டவர். மாட்டன் எண்டு சொன்னனான்."

"இப்ப?"

"இப்ப ஓம் எண்டு சொல்லப்போறன்."

கால் விஷயத்தை நுஸ்கி தானாகவே கண்டுபிடித்தானா, அந்த மேசையிலும் ஏதாவது பேசப்பட்டதா என்று ரஸீனுக்குள் ஒரு நினைப்பு தலைதூக்கியது. அதை வெளியே விடாமல் வாயை மூடிக்கொள்ள அவர் படாதபாடு பட்டார்.

"நுஸ்கியும் என்னோட சேந்து ஆள் தூக்கினவன்தான்" என்றார் கடைசியில். "அவன்ட கையும் காட்டிக் குடுக்கும், கொஞ்சம் கவனிச்சுக்க."

"அதை எனக்குச் சொல்லாதேங்கோ கோச்" என்றான் சயந்தன். "அடுத்த வருஷம் நான் அந்தப் பக்கம் நிப்பன்."