பன்னிரண்டாம் வருஷ மாடல்

ஆரணியிலிருந்து தேவிகாபுரம் போகும் சாலையில், அரிசி ஆலைக்கு எதிரே தென்னரசுவின் பட்டறை இருக்கிறது. ஊர் திரும்பி அதைத் தொடங்குமுன் சென்னையில் வெளிநாட்டுக் கார்களுக்கான சர்வீஸ் சென்டரில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவன். வேகத்துக்கென்றே செய்த செடான் கார்களில் எந்த வருஷத்து மாடல் உழைக்கும், எது நடுரோட்டில் கழுத்தறுக்கும் என்பது அவனுக்கு அத்துப்படி. ஆனால் அந்தக் கார்களை அவன் ஓட்டியதெல்லாம், சீட்டுக்கு பிளாஸ்டிக் உறை போட்டுக்கொண்டு, வேலை முடிந்து சோதித்துப் பார்க்கும் நான்கு கிலோமீட்டர்தான்.

ரஞ்சித்குமார் அவனோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். அப்பாவின் விசைத்தறிகளும் பட்டுச்சேலை வியாபாரமும் கைக்கு வந்தபின் அவனுக்கு ஓர் ஆசை பிறந்தது. ஒருநாள் பட்டறைக்கு வந்து, போனில் இரண்டு பழைய கார்களைக் காட்டினான். ஒரே கம்பெனி, ஒரே மாடல், எட்டு சிலிண்டர். நீலம் 2012, சாம்பல் 2015.

தென்னரசுவுக்கு வயிறு எரிந்தது. சென்னையில் எந்தக் காரின் பானெட்டைத் திறக்கும்போதெல்லாம் ‘என்றைக்காவது ஒன்று வாங்க வேண்டும்’ என்று நினைத்தானோ, அதே கார்.

"வருஷம் முன்ன பின்ன இருக்குதே, எதுனா வித்தியாசம் உண்டாடா?" என்று ரஞ்சித் கேட்டான்.

வித்தியாசம் உண்டு. இரண்டாயிரத்துப் பதின்மூன்று வரை வந்த இன்ஜினில், பாகங்களைத் தாளம் தப்பாமல் ஓட்டும் டைமிங் செயினைத் தாங்குகிற பட்டைகள் பிளாஸ்டிக். அவை தேய்ந்து உடைந்தால் செயின் நழுவி இன்ஜினே நாசமாகும். மாற்றவேண்டுமானால் இன்ஜினை முழுதாக இறக்க வேண்டும். பதினான்கில் கம்பெனியே அதைத் திருத்திவிட்டது. சொல்லத்தான் வாயெடுத்தான். அதற்குள் ரஞ்சித் அவன் தோளில் தட்டி, "வாங்கினதும் உனக்கு ஒரு ரவுண்டு தரேன், ஓட்டிப் பாரு," என்றான்.

அன்போடுதான் சொன்னான். ஆனால் பிச்சை போட்டதுபோல் அது தென்னரசுவின் காதில் விழுந்தது.

"ரெண்டும் ஒண்ணுதான்," என்றான். "உனுக்கு எது புடிக்குதோ, அத்த எடு."

ரஞ்சித்துக்கு நீலம் பிடித்திருந்தது.

அந்தக் கார் ஆரணிக்குள் வந்த வாரம் ஊரே அதைப் பற்றிப் பேசியது. பஸ் நிலையத்தில் பையன்கள் சூழ்ந்துகொண்டு படம் எடுத்தார்கள். தென்னரசுவின் மனைவி அகல்யாகூட, சத்தம் நெஞ்சுக்குள் இறங்குகிறது என்றாள். அன்று அவன் சோற்றை அளைந்துவிட்டு எழுந்துகொண்டான். தரேன் என்ற ரவுண்டுக்கு ரஞ்சித் இருமுறை கூப்பிட்டும் வேலை இருப்பதாகச் சொல்லித் தட்டிவிட்டான்.

காலையில் ரஞ்சித்தின் வீட்டு வழியாகத்தான் பட்டறைக்குப் போவான். கார் வந்த மூன்றாம் மாதம் ஒருநாள், ஆறிக்கிடந்த இன்ஜின் உயிர்பெற்றபோது அதன் பின்பக்கமிருந்து ஒரு கடகடப்பு கேட்டது. இரண்டு நொடி, பிறகு அடங்கியது. தென்னரசுவுக்கு அது என்னவென்று தெரியும், செயின் தளர்கிற சத்தம். அவனுக்குள் ஒரு சந்தோஷம் எழுந்தது. அதன்பின் அந்தச் சத்தத்தைக் கேட்பதற்கென்றே தினமும் அந்த நேரத்துக்குப் போனான். இரண்டு நொடி மூன்றாயிற்று, நான்காயிற்று.

வைகாசியில் ஒரு காலை. ரஞ்சித் முகூர்த்தச் சேலைகளை டிக்கியில் அடுக்கிக்கொண்டிருந்தான். மனைவி கலையரசி பின்சீட்டில் குழந்தையை மடியில் படுக்க வைத்திருந்தாள். பெங்களூருக்குப் புறப்படுகிறார்களாம். நெடுஞ்சாலை வேகத்தில், லாரிகளுக்கு நடுவே இன்ஜின் நின்றுபோனால் என்னவாகும் என்பதை தென்னரசு அந்த நிமிஷம்தான் நினைத்துப் பார்த்தான். பைக்கை அப்படியே நிறுத்திவிட்டு ஓடிப்போய், கார்க் கதவைப் பிடித்துக்கொண்டான்.

"ஸ்டார்ட் பண்ணாத, ரஞ்சித்."

"இன்னாடா பேஜார் பண்ற? நேரமாவுது."

"இந்த வருஷத்து இன்ஜின் சரியில்ல. நீ கேட்ட அன்னிக்கே எனுக்குத் தெரியும். வயித்தெரிச்சல்ல சொல்லாம உட்டுட்டேன். மூணு மாசமா அது கெட்டுகினு வர்றத தினம் கேட்டுகினுதான் இருந்தேன்."

ரஞ்சித் அவனைத் திட்டவில்லை. கலையரசியையும் குழந்தையையும் இறங்கச் சொல்லிவிட்டு, வாடகைக் காருக்குப் போன் செய்தான்.

மறுநாள் நீலக் கார் லாரியில் ஏறி தென்னரசுவின் பட்டறைக்கே வந்தது. ஊரில் வேறு யாருக்கும் அந்த இன்ஜினை இறக்கத் தெரியாது. பத்தொன்பது நாள் தனியாளாக வேலை பார்த்தான். எண்ணெய்த் தொட்டியின் அடியில் பிளாஸ்டிக் பட்டையின் துண்டுகள் கிடந்தன. செயின் பற்சக்கரத்தில் ஒரு பல் நழுவும் நிலையில் இருந்தது. பெங்களூர் வரை அது தாங்கியிருக்காது.

வேலை முடிந்ததும், தனியாகவே தேவிகாபுரம் சாலையில் ஓட்டிப் பார்த்தான். ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் கார் பாய்ந்தது. பல வருஷம் ஏங்கிய சுகம். பாதி வழியிலேயே அவனுக்குச் சலித்துவிட்டது. திரும்பிவிட்டான்.

சாவியை வாங்க வந்த ரஞ்சித், "ரொம்ப நன்றிங்க," என்றான். தென்னரசு ஒருமுறை ‘டா’ போட்டுப் பேசிப் பார்த்தான். அதற்கும் ‘ங்க’ போட்டே பதில் வந்தது.

இரண்டு வருஷமாகிறது. கார் குறையில்லாமல் ஓடுகிறது. ஆறு மாதத்துக்கொருமுறை எண்ணெய் மாற்ற வரும்போது ரஞ்சித் மரியாதையாகப் பேசி, மரியாதையாகக் காத்திருப்பான். பிறகு பக்கத்து டயர் கடை பாலுவிடம் போய் உட்கார்ந்து, அவன் முதுகில் அடித்து அடித்துச் சிரிப்பான். ஸ்பேனரைப் பிடித்தபடி தென்னரசு அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருப்பான். இப்போது அவன் வயிறு எரிவது பாலுவைப் பார்த்துத்தான்.