போட்டோவுக்குக் கொடுத்த கிட்

கொரோனா வார்டில் எங்களுக்குக் கொடுத்த முதல் பாதுகாப்பு உடை ரெயின்கோட். திண்டுக்கல் கடைவீதியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வாங்குவோமே, அதே ரகம். நான் அப்போது ஒரு தனியார் மருத்துவமனையில் சீனியர் ஸ்டாஃப் நர்ஸ். மருத்துவமனையின் பெயர் வேண்டாம். இன்று வேலைக்குச் சேருகிற நர்ஸ் பிள்ளைகளுக்கு நடந்தது தெரிந்தால் போதும்.

ரவுண்ட்ஸ் வரும் டாக்டர்களுக்கு உச்சி முதல் பாதம் வரை மூடுகிற முழு பி.பி.இ. கிட் உண்டு. பெட்பான் எடுக்கிற, வாந்தி துடைக்கிற எங்களுக்கும் துப்புரவுப் பெண்களுக்கும் ரெயின்கோட். இது என்ன நியாயம் என்று ஊழியர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டேன். உடனே மேனேஜர் கூப்பிட்டார்.

"குரூப்ல என்ன சிஸ்டர் போட்டிருக்கீங்க? வெளிய தெரிஞ்சா ஆஸ்பத்திரி பேரு என்னாகும்?"

"எங்க உசுரு என்னாகும் சார்?"

"வேலை வேணும்னா வாய மூடிட்டு இருங்க. வேணாம்னா சொல்லுங்க. வடமதுரைலருந்து ஆளு வாரேன்னு நிக்கிது."

மெசேஜை அவர் கண் முன்னாலேயே அழிக்க வைத்தார்.

கொஞ்ச நாளில் ஆரோக்கியம் என்பவளுக்குக் காய்ச்சல் வந்தது. தாடிக்கொம்புப் பக்கத்துப் பெண், காண்ட்ராக்டில் வந்த துப்புரவுப் பணியாளர். தான் துடைத்த வார்டிலேயே கட்டிலில் படுத்தாள். மேனேஜர் கூசாமல் சொன்னார்: "வீட்ல யார்ட்டயாச்சும் வாங்கிருப்பா." அவள் வீட்டில் ஒருவருக்கும் தும்மல்கூட இல்லை.

அவள் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்த அந்த வாரத்தில்தான் எங்களைப் பாராட்ட ஊர்ப் பிரமுகர்கள் வந்தார்கள். அன்று காலை எங்கிருந்தோ கிட் வந்தது, புத்தம் புதிதாக. எனக்கும் பாண்டியம்மாள், ராணி என்ற இரண்டு துப்புரவுப் பெண்களுக்கும் மாட்டிவிட்டு வாசலில் நிறுத்தினார்கள். ஆளுக்கொரு ரோஜாப்பூ. கைதட்டல். போட்டோ. கார்கள் கிளம்பியதும் மேனேஜர் சொன்னார்:

"சரி சரி, கிழியாம கழட்டி மடிச்சு ஸ்டோர்ல குடுத்துருங்க."

வார்டு வாசலில் தரையில் ஒரு கோடு போட்டிருக்கும். அதைத் தாண்டி உள்ளே போன உடை எதுவும் ஸ்டோருக்குத் திரும்பாது. வேலை முடிந்ததும் மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையில் போட்டு எரிக்க அனுப்ப வேண்டியதுதான். நான் பாண்டியம்மாளைப் பார்த்தேன். கண் மட்டும்தான் தெரிந்தது, அது போதுமானதாக இருந்தது. ரோஜாப்பூவை மேஜையில் வைத்துவிட்டு வார்டைப் பார்த்து நடந்தேன். இரண்டு பேரும் பின்னால் வந்தார்கள்.

"சிஸ்டர்! எங்க போறீங்க? கழட்டச் சொன்னேன்ல!"

மூன்று பேரும் கோட்டைத் தாண்டி உள்ளே போன பிறகுதான் திரும்பிப் பார்த்தோம்.

"தாண்டிட்டோம் சார். வேணும்னா உள்ள வந்து வாங்கிக்கங்க."

மேனேஜர் கோட்டுக்கு அந்தப் பக்கமே நின்று கத்தினார். ஒரு அடி முன்னால் வைக்கவில்லை. எங்களைத் தினமும் அனுப்பிய இடம்தான் அது.

ஆரோக்கியத்தின் கட்டிலருகே போனோம். முகம் தெரியாததால் மிரண்டாள். "நாந்தாண்டி, பாண்டியம்மா" என்றதும் அந்த வெள்ளை உடையின் கையைத் தொட்டுப் பார்த்தாள். ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கிக்கொண்டு கேட்டாள்:

"இம்புட்டு நாளு இத எங்க வச்சிருந்தாக, அக்கா?"

மறுநாள் நர்ஸ்களும் துப்புரவுப் பெண்களும் கோட்டுக்கு வெளியே சேர்ந்து நின்று, கிட் வந்தால்தான் உள்ளே போவோம் என்றோம். கொஞ்ச நேரத்தில் வந்தது. வெளியூரிலிருந்து இல்லை, எங்கள் ஸ்டோரிலிருந்தே. நான் தனியாகக் கேட்டபோது மிரட்டிய அதே மேனேஜர்தான் எடுத்துக் கொடுத்தார். ஒரு ஆளை விரட்டலாம், வார்டையே விரட்ட முடியாது.

ஆரோக்கியம் பிழைத்தாள். வேலைக்குத் திரும்பி வந்தவளிடம், "ஆள் போட்டாச்சு" என்றார்கள். எங்கள் போட்டோ அந்த மருத்துவமனையின் வரவேற்பறையில் இன்னும் தொங்குகிறது. உங்களுக்கும் ஒருநாள் பூவோடு வருவார்கள், பிள்ளைகளே. வாங்குவதற்கு முன்னால் ஆரோக்கியம் கேட்டதை எல்லோருமாகச் சேர்ந்து கேளுங்கள்.