அப்பா சுற்றிய கரண்டில் தங்கச்சியின் இன்டர்வியூ

நேற்று மதியம் எங்கள் ஊர் ஈஜோக்கில் ஒரே ஒரு இடிதான் இடித்தது. கரண்ட் போய்விட்டது!

மூன்று மணிக்கு என் தங்கச்சி தேவிக்கு வீடியோ காலில் இன்டர்வியூ. ரவாங்கில் ஒரு பேக்டரி ஆபீசில் கிளார்க் வேலை. மாதக்கணக்கில் விண்ணப்பம் போட்டு, கடைசியில் கூப்பிட்ட ஒரே இடம் அதுதான்.

அவள் போனில் சார்ஜ் ஒரே ஒரு பர்சென்ட்.

என் போன் காலையிலேயே செத்துவிட்டது (ரீல்ஸ் பார்த்தது யார் என்று கேட்காதீர்கள்). கார் ஒர்க்‌ஷாப்பில். பக்கத்து வீடுகளில் எல்லாரும் வேலைக்குப் போய்விட்டார்கள்.

அப்போதுதான் அப்பா சாமி மேடையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வந்தார்.

கையால் சுற்றும் ஜெனரேட்டர். போன வெள்ளத்துக்குப் பிறகு ஆன்லைனில் வாங்கியது. கைப்பிடியைச் சுற்றினால் போனுக்குச் சார்ஜ் ஏறும். வாங்கிய நாளில் வீடே சிரித்தது. நேற்று யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

ஒயரைச் சொருகினால் உள்ளே போகவில்லை.

புது மோட்டார் சைக்கிளுக்குப் பூஜை போடுவது போல அப்பா இதற்கும் போட்டிருக்கிறார்! சந்தனம், அதன் நடுவில் குங்குமம். எங்கே வைத்தார் தெரியுமா? சரியாக ஒயர் சொருகும் ஓட்டையில்.

“பாக்க நெத்தி மாதிரி இருந்துச்சு லா,” என்றார்.

பல்குச்சியால் நோண்டி எடுத்தோம். மூன்று மணிக்கு அப்பா சுற்ற ஆரம்பித்தார், தேவி பேச ஆரம்பித்தாள்.

மேனேஜர் ஒரு தமிழ் அம்மா. தேவி நன்றாகத்தான் பதில் சொன்னாள். ஆனால் பின்னால் யாரோ தேங்காய் துருவுவது போல ஓயாத சத்தம். அது என்ன என்று அவர் கேட்டே விட்டார்.

“இங்க கரண்ட் இல்ல மேடம். எங்கப்பாதான் கையால சுத்தி சார்ஜ் ஏத்துறாரு.”

அப்பாவைக் காட்டச் சொன்னார். தேவி போனைத் திருப்பினாள்.

அப்பா எஸ்டேட் லயத்து வீட்டில் வளர்ந்த மனிதர். ஒற்றைக் கையால் வணக்கம் சொல்லி அவருக்குப் பழக்கமே இல்லை. கைப்பிடியை விட்டார். இரண்டு கைகளையும் கூப்பினார்.

போன் அணைந்தது.

தேவி அழுதுவிட்டாள். எனக்குக் கோபம் ஒரு பக்கம், அப்பாவைப் பார்க்கப் பாவம் ஒரு பக்கம். அவர் சட்டை நனைய நனையச் சுற்றிக்கொண்டிருந்தார்.

போனுக்கு உயிர் வந்ததும் அந்த அம்மாவே கூப்பிட்டார்.

“தேவி, வணக்கம் வந்து சேந்துருச்சுன்னு அப்பாகிட்ட சொல்லுமா. இப்ப கைய எடுக்காம சுத்தச் சொல்லு, இன்னும் கேள்வி பாக்கி இருக்கு.”

இன்று காலை மெசேஜ் வந்தது. வேலை கிடைத்துவிட்டது, திங்கட்கிழமை சேர வேண்டும்!

வீட்டில் எல்லாரும் குதிக்கிறோம். அப்பா மட்டும் அமைதியாக வெள்ளைச் சட்டைக்கு அயர்ன் போடுகிறார். பாதியில் நின்றுபோன வணக்கத்தை நேரில் போய் முடித்தால்தான் மரியாதையாம். திங்கட்கிழமை அவரும் ரவாங் வருகிறாராம்.

வேலைக்குச் சேரும் முதல் நாளே அப்பாவோடு ஆபீஸ் போனவர்கள் யாராவது இங்கே இருக்கிறீர்களா? தேவி அவசரமாகக் கேட்கச் சொல்கிறாள்.