ஈரப் பெயிண்டில் ஈசல்

1991 ஐப்பசி. படப்பை பக்கம் இரும்பு பீரோக்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் ஷெட்டில் நான் சூப்பர்வைசர். மறுநாள் மாலைக்குள் இருபது பீரோக்கள் லாரி ஏற வேண்டும்.

சாயங்காலம் மழை விட்டதும் டியூப் லைட்டைத் தேடி ஈசல் கூட்டமாக வந்து ஈரப் பெயிண்டில் ஒட்ட ஆரம்பித்தது. "இதையெல்லாம் எதுக்குத்தான் கடவுள் படைச்சாரோ" என்று கத்திக்கொண்டே பூச்சி மருந்தை அடித்தேன். செத்த ஈசலெல்லாம் நேராகப் பீரோக்கள் மேலேயே விழுந்தன.

உப்புத்தாள் தேய்க்கும் எல்லம்மா மருந்தை என் கையிலிருந்து பிடுங்கினாள்.

"இன்னா சார் நீ, துன்ற பொருள் மேல போயி வெசத்த அடிக்கிற?"

உள்ளே இருந்த லைட்டுகளை அணைத்தாள். வாசலில் ஒரு பல்பைத் தொங்கவிட்டு, அடியில் அண்டா நிறையத் தண்ணீர் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் மீதி ஈசல் முழுக்க வெளியே போய் அண்டாவில் விழுந்தது. நான் கெடுத்த நான்கு பீரோக்களை மட்டும் தேய்த்து, மறுபடி பெயிண்ட் அடித்தோம்.

மறுநாள் மதியம் அண்டாவில் விழுந்த ஈசலை வறுத்துப் பொரியோடு கலந்து டிபன் பாக்ஸில் நீட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் தின்றேன். பிறகு பாக்ஸைத் திருப்பித் தர மனம் வரவில்லை.

"சரி, ஈசல் இதுக்கு. கொசு எதுக்கு எல்லம்மா?"

"எல்லாத்தையும் நாமளே துன்னுட்டா தவளைக்கு இன்னா சார் கீது?"

இன்றும் கொசு கடித்தால் அடிக்கத்தான் செய்கிறேன். ஆனால் ஏதோ ஒரு தவளையின் தட்டில் கை வைத்துவிட்டதாகக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.