மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்

அடையாறில் எங்கள் பட்டறையில் செயற்கை மூட்டுகளை மெருகேற்றுகிறோம். முழங்கால் தேய்ந்தவர்களுக்கு உள்ளே வைக்கிற உலோகத் துண்டுகள். இரும்புத்தூளும் தேய்க்கிற பொடியும் கலந்த கறுப்பு எண்ணெயில் இறக்கி, காந்தத்தைப் போட்டால், எண்ணெய் கேழ்வரகுக் களியாக இறுகித் தேய்க்கும். எடுத்தால் முகம் பார்க்கலாம். பதினெட்டு வருடமாக அந்த மிஷினில் நின்றவர் சாந்தோம் ஆரோக்கியராஜ் அண்ணன். அவர் தேய்த்ததை அளந்து பார்ப்பவள் மேகலா, நான்தான்.

ஆடியில் இரண்டு வாரம் லீவு எடுத்தார். காய்ச்சலாம். திரும்பி வந்ததிலிருந்து மிஷினைவிட்டு எட்டியே நின்றார். “காந்தத்த நீயே போடு மேகலா” என்பார். மூன்றாம் நாள் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“இன்னாண்ணா, நான் இன்னா உங்களுக்கு எடுபிடியா?”

அவர் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். இடது தோளுக்குக் கீழே புதுத் தையல். உள்ளே தீப்பெட்டி அளவுக்கு ஒரு புடைப்பு.

“பேஸ்மேக்கர். காந்தத்தாண்ட போனா நெஞ்சு தடுமாறிடுமாம், டாக்டர் சொல்லிக்கீறாரு. ஓனராண்ட சொல்லாத. இந்த மிஷின உட்டா எனக்கு வேற இன்னா தெரியும்?”

அட கடவுளே, உயிரோடா விளையாடுவார் ஒரு மனிதர்! அழுகை வரும் என்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. கையிலிருந்த மூட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். மத்தியானம் சாப்பிட்ட கையோடு போய் ஓனர் சுப்பராமன் சாரிடம் சொல்லிவிட்டேன்.

அவர் திட்டவில்லை. “இனிமே அந்தப் பக்கமே வரப்படாது, ஆரோக்கியராஜ்” என்றார். மறுநாள் தரையில் மஞ்சள் கோடு போட்டார்கள். மிஷின் எனக்கு வந்தது. அண்ணனுக்கு வாசலோரம் பேக்கிங் மேஜை. தலையாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார். என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை.

நேற்று மிஷின் ஓடும்போது எழுந்து வந்து கோட்டுக்கு முன்னால் நின்றார்.

“எண்ணெ காஞ்சிகினு கீது. சத்தம் கேக்கல உனக்கு?”

நிறுத்திப் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது.

“நல்லவேளை சொன்னீங்கண்ணா.”

அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நகத்துல கறுப்பு போய்ட்ச்சி மேகலா. இத்தினி வருசம் எந்த சோப்பு போட்டும் போவல.”

நான் என் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.