நாலு மணி நேரத்தில் சிங்கப்பூர்

அக்காவுக்கு இரண்டு வரன் வந்தது. ஒருவர் டெல்லி, இன்னொருவர் சிங்கப்பூர். அப்பா என் பள்ளிக்கூட அட்லஸை எடுத்து வைத்துக்கொண்டு நூலால் அளந்தார். டெல்லிதான் கிட்டே. அதற்காக மனிதர் அசரவில்லை.

"தூரத்தைப் பார்க்கப்படாதுடி, நேரத்தைப் பார்க்கணும். டெல்லிக்கு ரயில்ல ரெண்டு ராத்திரி. சிங்கப்பூர் நாலே மணி நேரம். காலம்பர கிளம்பினா மத்தியானச் சாப்பாட்டுக்கு நம்மாத்துல இருப்பா" என்றார் அம்மாவிடம்.

பிள்ளையின் குணம் என்ன என்று யாரும் விசாரிக்கவில்லை. விமானம் எத்தனை மணிக்கு என்று விசாரித்தார்கள். கல்யாணம் முடிந்து ஒரு வருஷம் அப்பா மாட வீதியில் பார்த்தவர்களையெல்லாம் நிறுத்தி இந்த நாலு மணி நேரக் கதையைச் சொல்லி அறுத்தார். கேட்டவர்களும் தலையாட்டினார்கள். எங்கள் மயிலாப்பூரில் அதற்கு மேல் யாரும் ஒன்றும் செய்வதில்லை.

ஒரு நாள் காலை அக்கா சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சின்னப் பெட்டியோடு வந்து நின்றாள். வெயில் காலத்தில் முழுக்கை ரவிக்கை. கூடத்தில் உட்கார்ந்து ரவிக்கைக் கையை மேலே மடக்கிக் காட்டினாள். முழங்கைக்கு மேல் கருநீலமாகக் கன்றியிருந்தது.

"நான் திரும்பிப் போக மாட்டேன்ப்பா" என்றாள்.

அப்பா காபியைக் குடித்து முடித்தார். கீழ்வீட்டு மாமி மூக்கில் வியர்த்து மேலே ஏறி வந்து, "எப்போடி வந்தே?" என்று ஆரம்பிப்பதற்குள் அவரே முந்திக்கொண்டார். "சிங்கப்பூர் என்ன தூரம் மாமி! அம்மாவைப் பார்க்கணும்னு தோணித்து, வந்துட்டா. நாளைக்கே கிளம்பறா."

அக்கா ரவிக்கைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள். மாமி காபி குடித்துவிட்டுத்தான் போனாள்.

டெல்லியாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது. இரண்டு ராத்திரி ரயிலில் வந்த பெண்ணை மறுநாளே திருப்பி அனுப்பினால் தெருவே கேட்டிருக்கும். ரிசர்வேஷன் கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் அம்மாவுக்காவது வாய் திறக்கத் தைரியம் வந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். அம்மா அன்று பருப்புப் பொடி இடித்தாள். மகள் ஊருக்குக் கிளம்புகிறாள் என்றால் எங்கள் வீட்டில் பொடி இடித்துத் தருவது வழக்கம். அழுதுகொண்டே இடித்தாளே தவிர, கையை நிறுத்தவில்லை.

அப்பா தி.நகர் போய் டிக்கெட் போட்டுக்கொண்டு வந்து, என்னையும் இழுத்துக்கொண்டு ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போனார். கண்ணாடி அறைக்குள் இரண்டு பேரும் ஒட்டி நின்றோம். அத்திம்பேர் குரல் எனக்கே கேட்டது. கோபமே இல்லை.

"வந்தது வந்துட்டா. ஒரு பத்து நாள் இருந்துட்டு வரட்டுமே."

"ஐயையோ, அதெல்லாம் வேண்டாம் மாப்பிள்ளை. நாளைக்கே ஏத்தி விட்டுடறேன்."

எனக்கு அந்த ரிசீவரைப் பிடுங்கி அப்பாவின் மண்டையில் போடலாம் போலிருந்தது. வீட்டுக்கு ஓடிப்போய் ஒன்று விடாமல் அக்காவிடம் சொன்னேன். அவள் அப்பாவைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொள்வாள் என்று காத்திருந்தேன்.

"பத்து நாள்னா சொன்னார்?" என்றாள் அக்கா. முகம் கொஞ்சம் தெளிந்தது. "அப்போ கோபம் ஆறியிருக்கும். போனதும் அடிக்க மாட்டார்."

பொடி டப்பாவைப் புடவைக்கு நடுவில் வைத்துப் பெட்டியை மூடினாள்.